இரண்டு கம்பிகள் இடம் மாறினால்

சென்னையில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது. பின்னால் ஓடிவந்த பேத்தி சட்டென்று இடைவெளியில் கையை நீட்டினாள். கதவு நின்றது; நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போனது. நான் போட்ட கூச்சலில் உள்ளே நின்ற இருவர் பயந்துபோனார்கள். "அது தானா திறந்துக்கும் தாத்தா" என்றாள் அவள், என்னைப் பட்டிக்காட்டானைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

பட்டிக்காட்டான்தான். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கரிசல் ஊர். ஆனால் அந்தப் பயம் ஊரிலிருந்து வந்ததில்லை. கப்பல்களில் இருபத்தெட்டு வருஷம் மின்சார வேலை பார்த்தவன் நான். அங்கே 'வாட்டர்டைட் டோர்' என்று நாங்கள் சொல்லும் கதவுகள் உண்டு. தண்ணீர் புகாத எஃகுக் கதவுகள். மூடும்போது குறுக்கே கையை நீட்டினால் கை போகும், ஆளே நின்றாலும் அது தன் பாட்டுக்கு மூடும். லிஃப்ட் கதவை ஓட்டுவதும் மோட்டார்தான், இதை ஓட்டுவதும் மோட்டார்தான். திசை மாற்ற இரண்டுக்குமே தெரியும். "அப்ப அது மட்டும் ஏன் திரும்பாது?" என்று கேட்டாள். பன்னிரண்டாவது மாடி போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது.

கப்பலின் அடிப்பகுதி ஒரே கூடமாக இருக்காது. மூங்கிலுக்குக் கணு இருப்பதுபோல, குறுக்கே எஃகுச் சுவர்கள் எழுப்பி அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அந்த அறை நிரம்பும். மற்ற அறைகள் கப்பலைத் தாங்கும். ஆனால் வேலை பார்ப்பவன் எஞ்சின் ரூமிலிருந்து அடுத்த அறைக்குப் போக ஒவ்வொரு தடவையும் மேல்தளம் வரை ஏறி இறங்க முடியுமா? அதற்காகச் சுவரில் கதவு வைத்தார்கள். வைத்த நாளிலிருந்து அந்தக் கதவுதான் தலைவலி.

டைட்டானிக்கின் அடித்தளத்தில் இருந்த கதவுகளுக்கு மோட்டார் கிடையாது. மேலிருந்து கீழே இறங்கும் கனத்த பலகைகள் அவை. ஒரு பிடி அவற்றைத் தூக்கி நிறுத்தியிருக்கும். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் ஒரு சுவிட்சைத் தட்டினால் மின்காந்தம் பிடியை விடுவிக்கும். கதவு தன் எடையால் இறங்கும். மறுபடி ஏற்ற வேண்டுமென்றால் கையால் சுற்ற வேண்டியதுதான். மின்சாரத்துக்கு ஒரு திசை மட்டுமே தெரிந்த கதவு. 1912 ஏப்ரலில் அந்தக் கதவுகள் இறங்கத்தான் செய்தன. ஆனால் கப்பல் தாங்கக்கூடியதைவிட அதிகமான அறைகளில் தண்ணீர் புகுந்து, சுவர்களின் தலைக்கு மேலே வழிந்துவிட்டது. அந்தத் துக்கத்திலிருந்து 1914-ல் பிறந்ததுதான் 'சோலாஸ்' என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை. பல முறை திருத்தி எழுதப்பட்டு, இன்றும் எங்கள் தொழிலுக்கு வேதம் அதுதான்.

பயணிகள் கப்பலின் மின்கதவுக்கு அது வைத்திருக்கும் கணக்கு கறாரானது. கதவின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. அசையத் தொடங்கியதிலிருந்து முழுக்க மூட 20 நொடிக்குக் குறையவும் கூடாது, 40 நொடிக்கு மேல் ஆகவும் கூடாது. கப்பல் நிமிர்ந்து இருக்கும்போது எல்லாக் கதவுகளையும் பிரிட்ஜிலிருந்து ஒன்றாக மூடினால் 60 நொடிக்குள் வேலை முடிய வேண்டும். கப்பல் எந்தப் பக்கம் 15 டிகிரி சாய்ந்தாலும் கதவு நகர வேண்டும். பக்கவாட்டில் ஓடும் கதவு அது. கப்பல் ஒருபுறம் சாய்ந்தால் இறக்கத்தில் ஓடும், மறுபுறம் சாய்ந்தால் மேட்டில் ஏற வேண்டும். நிறையக் கப்பல்களில் எண்ணெய் அழுத்தம்தான் கதவைத் தள்ளுகிறது. அங்கே மோட்டாரின் வேலை பம்பைச் சுற்றுவதோடு சரி, திசையை வால்வு பார்த்துக்கொள்ளும். நான் சொல்லவந்தது மோட்டாரே பல்சக்கரம் வழியாகக் கதவை இழுக்கும் வகையை.

அந்த மோட்டார் எப்படித் திசை மாறுகிறது என்பதை நான் முதலில் கற்றது கப்பலில் இல்லை. எங்கள் கிணற்றடியில்.

ஐந்து குதிரைத்திறன் மோட்டார், மும்முனை மின்சாரம். டிரான்ஸ்பார்மரில் ஏதாவது வேலை பார்த்துவிட்டு லைன் கொடுத்தால் சில சமயம் மறுநாள் மோட்டார் ஓடும், வாய்க்காலில் தண்ணீர் வராது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். மெக்கானிக் அண்ணாச்சி சைக்கிளில் வருவார். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றி முடுக்குவார். "இப்பப் போடுடே" என்பார். தண்ணீர் பாயும். அப்பாவிடம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் அவர் ஊரில் இல்லை. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான் வித்தையைக் காட்ட இறங்கினேன். இரண்டு மாற்றியதற்கே அப்படியென்றால் மூன்றையும் மாற்றிவிடுவோமே என்று, முதல் கம்பியை இரண்டாவது இடத்தில், இரண்டாவதை மூன்றாவதில், மூன்றாவதை முதலில் மாட்டினேன். மோட்டார் அதே தப்பான திசையில் ஜம்மென்று ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி திரும்பி வந்ததும் அவரிடம் சொல்லிச் சிரித்தார், அதுதான் வலித்தது.

பல வருஷம் கழித்து, கப்பலில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை ஓர் ஆட்டை வைத்து விளக்குவேன். நடுவில் ஒரு வெள்ளாட்டைக் கட்டுங்கள். சுற்றிலும் சம தூரத்தில் மூன்று பையன்கள், ஒவ்வொருவன் கையிலும் அகத்திக்கீரை. முதல்வன் கீரையை நீட்டுகிறான், ஆடு அவன் பக்கம் திரும்புகிறது. அவன் மறைக்கும்போது இரண்டாமவன் நீட்டுகிறான், அப்புறம் மூன்றாமவன், மறுபடி முதல்வன். ஆடு சுற்றிக்கொண்டே இருக்கும். மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகள் அந்த மூன்று பையன்கள். ஒவ்வொன்றிலும் மின்னோட்டம் முறைவைத்து உச்சத்துக்குப் போகிறது. மோட்டாருக்குள் காந்தப்புலம் கீரையைப்போலச் சுற்றிவருகிறது. நடுவில் இருக்கும் உருளை அதைத் துரத்துகிறது. துரத்துமே தவிர, ஒருநாளும் பிடிக்காது. கப்பலில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால், நான்கு துருவ மோட்டாரில் புலம் நிமிஷத்துக்கு 1800 சுற்று சுற்றும். உருளை ஐம்பது சுற்றுப்போலப் பின்தங்கியே ஓடும். எட்டிப் பிடித்துவிட்டால் இழுவிசையே இல்லை, ஆடு நின்று அசைபோட ஆரம்பித்துவிடும்.

இப்போது எந்த இரண்டு பையன்களையாவது இடம் மாறி நிற்கச் சொல்லுங்கள். முறை அதேதான், முதல்வன், இரண்டாமவன், மூன்றாமவன். ஆனால் கீரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும், ஆடும் அப்படியே. மூன்று பேரும் ஆளுக்கோர் இடம் தள்ளி நின்றால் வரிசை குலையவில்லை. ஆடு பழைய திசையிலேயே சுற்றும். கிணற்றடியில் நான் செய்தது அதைத்தான். ஐரோப்பாவில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியே கண்டு 1888-ல் உலகுக்குச் சொன்ன சுழலும் காந்தப்புலம் இதுதான். அவர்களுக்கு ஆடு தேவைப்படவில்லை.

இடையில் ஒன்று. வீட்டு மிக்ஸியின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் பிளேடு எதிர்த்திசையில் சுற்றுமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். சுற்றாது. அந்த மோட்டாரில் வெளிச்சுருளும் உள்சுருளும் ஒரே சரட்டில் கோத்தவை. மின்சாரம் திரும்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்பும், தள்ளும் திசை மாறாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை திசை மாறியும் சட்னி ஒழுங்காக அரைபடுவது அதனால்தான்.

கப்பல் கதவுக்கு வருவோம். திறக்க ஒரு திசை, மூட ஒரு திசை. ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி வந்து கம்பி மாற்ற முடியாது. அதனால் இரண்டு ஸ்டார்ட்டர்களை ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். எங்கள் பேச்சில் 'கான்டாக்டர்'. உள்ளே ஒரு சுருள்; அதற்கு மின்சாரம் கிடைத்தால் 'டக்' என்று இழுத்து மூன்று கம்பிகளையும் ஒரே அடியில் இணைத்துவிடும். மூடும் கான்டாக்டர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நேராகக் கொடுக்கும். திறக்கும் கான்டாக்டரில் சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கும். அவ்வளவுதான் வித்தை. இதைப் பத்து நிமிஷத்தில் எவனும் கட்டிவிடுவான்.

வினை எங்கே இருக்கிறதென்றால், இரண்டும் ஒரே சமயம் இழுத்துவிட்டால் சிவப்பும் நீலமும் நேருக்கு நேர் முட்டும். 440 வோல்ட். பெட்டிக்குள் மின்னல் விழுந்த மாதிரி. திசையை மாற்றுவது சுலபம், கூடாத நேரத்தில் மாறாமல் காப்பதுதான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மற்ற எல்லாச் சாமானின் வேலையும். முதல் காவல் மின்சாரக் காவல்: மூடும் கான்டாக்டர் இழுத்திருக்கும்போது அதன் பக்கவாட்டில் உள்ள ஒரு சின்னத் தொடுமுனை, திறக்கும் சுருளுக்குப் போகும் வழியை வெட்டிவிடும். அதேபோல, திறக்கும் கான்டாக்டர் மூடும் சுருளின் வழியை வெட்டும். இது போதாது. பல வருஷம் உழைத்த கான்டாக்டரில் முனைகள் சூட்டில் ஒட்டிக்கொண்டுவிடும். சுருள் விட்டாலும் பிடி விடாது. ஆகவே இரண்டாவது காவல், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன நெம்புகோல். பிள்ளைகள் ஏறி இறங்கும் சீசா பலகை மாதிரி. ஒருவன் கீழே இருந்தால் மற்றவன் இறங்கவே முடியாது. அதில் மின்சாரமே இல்லை, வெறும் பிளாஸ்டிக்கும் உலோகமும். இரண்டில் எதை நம்புவாய் என்று கேட்டால் நான் சீசாவைத்தான் நம்புவேன்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கதவு பாதி மூடியிருக்கும்போது ஒருவன் திறக்கும் கைப்பிடியைத் தள்ளுகிறான். மூடும் கான்டாக்டர் விட்டுவிடும். ஆனால் மோட்டார் உடனே நிற்காது, பழைய வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கான்டாக்டர் முனைகளுக்கு இடையே தெறித்த மின்பொறி அணையவும் நொடியின் சின்னத் துணுக்கு நேரம் வேண்டும். அதற்குள் எதிர்த்திசைக் கான்டாக்டர் இழுத்தால், புதிதாக ஸ்டார்ட் செய்யும்போது வருவதைவிடப் பெரிய மின்னோட்டம் பாயும், பல்சக்கரமெல்லாம் அதிரும். அதனால் பல சர்க்யூட்டுகளில் ஒரு மூச்சு நேரம் இடைவெளி விடுவார்கள். டக். ஒரு மௌனம். டக். பெட்டியைத் திறக்காமலே அந்த மௌனத்தின் நீளத்தை வைத்து உள்ளே என்ன நோய் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், கார்களும் பயணிகளும் ஏறும் ஃபெர்ரி ஒன்றில் இருந்தேன். எனக்கு மேலே தூத்துக்குடிக்காரர் ஒருவர். சீஃப் எஞ்சினியர் முதற்கொண்டு வெள்ளைக்காரர்களும் அவரை 'அனாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணாச்சி அவர்கள் வாயில் நுழையவில்லை. கப்பலை உலர்துறையில் ஏற்றியிருந்தார்கள். ஜெனரேட்டர்களை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து கேபிள் இழுத்து மின்சாரம். கரைக்கம்பி மாட்டும் பெட்டியில் முனை வரிசை சரியா என்று காட்ட ஒரு சின்ன மீட்டர் இருக்கும். அன்றைக்கு அதை யார் பார்த்தது என்று பிற்பாடு எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள்.

ஒரு கதவுக்கு லிமிட் சுவிட்ச் மாற்றியிருந்தோம். கதவு ஓட்டத்தின் இரு முனையிலும் இருக்கும் சின்ன சுவிட்ச் அது. கதவு வந்து தட்டியதும் மோட்டாரை நிறுத்தும். சோதிக்க வேண்டும். கதவு முக்கால்வாசி திறந்திருந்தது. நான் வாக்கி டாக்கியோடு பக்கத்தில் நின்றேன், பிரிட்ஜில் இருந்தவர் மூடும் சுவிட்சைப் போட்டார். மணி அடித்தது. பிரிட்ஜிலிருந்து மூடினால் கதவு அசைவதற்கு முன்பே குறைந்தது 5 நொடி, அதிகபட்சம் 10 நொடி மணி அடிக்க வேண்டும் என்பது விதி. பிறகு கதவு நகர்ந்தது. திறக்கும் பக்கமாக.

கதவு ஒதுங்கும் மூலையில் பெயின்டர்கள் சிவப்பு பிரைமர் டின் ஒன்றை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவு அதைச் சப்பட்டையாக்கி, திறப்பின் கடைசி வரை போய் முட்டியது. நிற்கவில்லை. மோட்டார் மாடு முக்குவதுபோல முக்கியது. நான் வாக்கி டாக்கியில் கத்துவதற்குள் ஓவர்லோட் ரிலே சூடாகி மின்சாரத்தை அறுத்துவிட்டது. தரையெல்லாம் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்த சமையல்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி இறங்கி வந்து பெயின்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "தெறக்குற கடைசில லிமிட் சுவிட்ச் இருக்குல்லா, அது ஏன் நிப்பாட்டலன்னு சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

"அது யாருக்குக் காவல் நிக்கி? தெறக்குற கான்டாக்டருக்கு. இப்ப ஓடுனது யாரு? மூடுறவன். அவன நிப்பாட்டுற சுவிட்ச் அந்தக் கோடில இருக்கு. அங்க இவன் போகவே மாட்டானே."

கரைக் கேபிளில் இரண்டு முனை மாறியிருந்தது. எங்கள் கிணற்றில் நடந்ததேதான். கப்பலில் இருந்த மும்முனை மோட்டார் அத்தனையும் அன்று காலையிலிருந்து எதிர்த்திசையில் சுற்றக் காத்துக்கொண்டிருந்தன. முதலில் சிக்கியது என் கதவு. பெட்டிக்குள் இரண்டு காவலும் சரியாகவே வேலை செய்தன, ஒரு கான்டாக்டர்தான் இழுத்தது. ஆனால் மூடுகிறேன் என்று சர்க்யூட் நினைத்துக்கொண்டிருக்க, கதவு திறந்துகொண்டிருந்தது. அன்று முதல் ஒரு பழக்கம்: எந்த வேலை முடிந்தாலும், கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டுக் கதவை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சுவிட்சை ஒரு தொடு தொட்டுவிட்டு எடுப்பேன். எந்தப் பக்கம் அசைகிறதென்று பார்த்த பிறகுதான் மீதி.

அந்தச் சின்ன சுவிட்சுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரிட்ஜில் ஒவ்வொரு கதவுக்கும் விளக்குகள்: முழுக்கத் திறந்திருந்தால் சிவப்பு, முழுக்க மூடியிருந்தால் பச்சை. கேப்டன் கதவைப் பார்ப்பதில்லை, விளக்கைத்தான் பார்க்கிறார். விளக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபெர்ரிகளில் வேலை பார்த்த எல்லோருக்கும் ஒரு தேதி தெரியும், 1987 மார்ச் 6. பெல்ஜியத்தின் ஜீபுருக்கே துறைமுகத்திலிருந்து 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' முன்கதவைத் திறந்தபடியே கிளம்பியது. கார்த்தளத்தில் கடல் புகுந்தது. கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். அது வேறு வகைக் கதவுதான். ஆனால் அது திறந்திருக்கிறது என்று பிரிட்ஜில் காட்ட ஒரு விளக்கு இல்லை.

விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: எந்த ஒற்றை மின்கோளாறு வந்தாலும் மூடிய கதவு திறந்துவிடக் கூடாது. படிக்கச் சாதாரணமாக இருக்கும். கப்பல் என்பது உப்புக்காற்றில் மிதக்கும் இரும்பு; கம்பியின் உறை எங்காவது தேய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சுவிட்ச்போர்டில் மூன்று 'எர்த்' விளக்குகள் உண்டு, ஒன்று மங்கினால் எங்கோ கசிவு என்று அர்த்தம். காலையில் காபிக்கு முன்னால் நான் அந்த மூன்றையும் பார்ப்பேன். ஒரு கசிவைச் சும்மா விட்டுவைத்து, இன்னோர் இடத்தில் இரண்டாவது கசிவும் வந்தால், மின்சாரம் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு கப்பலின் உடம்பு வழியாகவே திறக்கும் சுருளைப் போய்ச் சேரலாம். யாரும் தொடாமல் கதவு திறக்கும். அதைத் தடுக்க, சுருளின் ஒரு முனையை மட்டும் வெட்டாமல் இரு முனையையும் வெட்டும்படி கட்டுவது ஒரு வழி.

பேத்தியின் கேள்வி பாக்கி இருக்கிறது. லிஃப்ட் கதவுக்குக் கண் வைத்ததுபோல இதற்கும் வைக்கலாமே? வைக்கத் தெரியாமல் இல்லை. இந்தக் கதவு தேவைப்படும் நேரத்தை யோசித்துப் பாருங்கள். கப்பல் சாய்ந்திருக்கிறது, அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, அதோடு பலகை, டின், கந்தல், கயிறு எல்லாம் வந்து மோதுகிறது. ஒவ்வொன்றுக்கும் கதவு மரியாதையாகத் திரும்பிப் போனால் அடுத்த அறையும் போயிற்று. மிதக்கும் பலகைக்கும் மனிதக் காலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. தெரிந்துகொண்டு நிற்க நேரமும் இல்லை. அதனால் நான் வேலை பார்த்த கதவுகள் எதிலும் அந்தக் கண் இல்லை. மனிதனுக்காக மணி வைத்தார்கள், இரண்டு கைப்பிடி வைத்தார்கள். திரும்பும் பொறுப்பு கதவிடமிருந்து கைக்கு வந்துவிட்டது.

அந்தக் கைப்பிடிகள் சுவரின் இரு பக்கமும், தரையிலிருந்து குறைந்தது 1.6 மீட்டர் உயரத்தில். கதவு போகும் திசையிலேயே கைப்பிடியும் போகும், பதற்றத்தில் யோசிக்க வேண்டியதில்லை. பிரிட்ஜ் 'எல்லாக் கதவும் மூடு' என்று வைத்திருந்தாலும் கைப்பிடியைப் பிடித்தால் கதவு திறக்கும். விட்ட நொடியே மூட ஆரம்பிக்கும். ஆகவே முழுக்கத் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். பிறகு ஒரு கையால் இந்தப் பக்கத்துக் கைப்பிடி, மறு கையால் அந்தப் பக்கத்துக் கைப்பிடி, இரண்டையும் பிடித்தபடியே கடக்க வேண்டும். பாதி திறந்ததும் நுழைந்துவிடலாம் என்று அவசரப்பட்டவர்கள் கை காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள்.

இதை அதே ஃபெர்ரியில் சமையலறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குச் செய்து காட்டினேன். கீழே குளிர்சாதன அறையிலிருந்து முட்டைத் தட்டுகளை அடுக்கி எடுத்துவருவது அவன் வேலை. கவனமாகக் கேட்டான்.

"ரெண்டு கையாலயும் கைப்பிடியப் பிடிச்சுக்கணும்."

"ஆமா."

"அப்ப முட்டைய?"

யாராவது ஒருவரைத் துணைக்குக் கூப்பிடு, ஒருவர் கைப்பிடி, ஒருவர் தட்டு என்றேன். சமையலறையில் இருந்த ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கப்பலில் நான் இருந்த வரை அவன் அந்தக் கதவு வழியாக வரவே இல்லை. முட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேல்தளம் சுற்றி ஏறி இறங்குவான், போக நாற்பத்திரண்டு படி, வர நாற்பத்திரண்டு.